உடற்பயிற்சி, நோயெதிர்ப்பு, முதுமை: போஸ்ட்டாக் எடுக்கலாமா? எலியா, மனிதரா?

நிணநீர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிஎச்டி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த ஆண்டுக்குள் சமர்ப்பித்துவிடுவேன். இதுவரை செய்ததெல்லாம் எலியில்தான்: வைரஸ் தொற்று அடங்கிய பிறகு மெமரி டி செல்கள் (ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளையணுக்கள்) எங்கே தங்குகின்றன, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன என்பது. அடுத்து முதுமை பக்கம் போகவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இரண்டு இடங்களிலிருந்து போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) அழைப்பு வந்திருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் நோயெதிர்ப்பு மண்டலம் மூப்படைவது மட்டுப்படுமா என்பதுதான் இரண்டிலும் கேள்வி. வேலை செய்யும் விதம்தான் வேறு வேறு.

முதல் லேப் மனிதர்களோடு. 60 வயது தாண்டிய, இதுவரை பயிற்சி பக்கமே போகாதவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மாதக்கணக்கில் வேக நடையும் சைக்கிளும். மீதிப் பேருக்கு உடலை நீட்டி வளைக்கும் லேசான பயிற்சி. முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து ஃப்ளோவில் (செல்களை வகைவாரியாக எண்ணும் கருவி) ஓட்டுவார்கள். நடுவில் ஃப்ளூ தடுப்பூசியும் உண்டு. இரண்டாவது லேப் முழுக்க எலி. கூண்டுக்குள் சக்கரம், வயதான எலிகள், எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், சிங்கிள் செல் சீக்வென்சிங் (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படிப்பது). கைக்குப் பழகியது இரண்டாவது. மனசு இழுப்பது முதலாவது.

2018இல் 'ஏஜிங் செல்' இதழில் வந்த சைக்கிள்காரர்கள் ஆய்வைப் படித்ததிலிருந்துதான் இந்தக் கிறுக்கு. 55 முதல் 79 வயது வரை 125 பேர், வாழ்நாளில் பெரும்பகுதி சைக்கிள் மிதித்தவர்கள். டி செல்கள் உருவாகும் உறுப்பான தைமஸிலிருந்து புதிதாக வெளிவந்த டி செல்கள் அவர்கள் இரத்தத்தில், பயிற்சி செய்யாத அதே வயதுக்காரர்களைவிட அதிகம். தைமஸ் சிறு வயதிலிருந்தே சுருங்கிக் கொழுப்பாகிவிடும் என்றுதானே படித்தோம்?

ஆனால் என் ஆய்வுக்குழுவில் உள்ள மூத்த பேராசிரியர் ஒருவர், "பயிற்சி நல்லதென்று கண்டுபிடிக்க இன்னொரு போஸ்ட்டாக்கா?" என்று சிரித்துவிட்டார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களால்தானே 70 வயதில் அவ்வளவு தூரம் மிதிக்க முடியும், அப்படியானால் எது காரணம், எது விளைவு? மாரத்தான் ஓடினால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, அதை இதோடு எப்படிப் பொருத்துவது? எல்லாவற்றுக்கும் மேல், எலியா மனிதரா? இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மெதுஓட்டம் எழுதியது:

மாரத்தான் கேள்விக்கு மட்டும் நான். விளையாட்டு உடலியல்தான் என் பக்கம். மற்றதற்குப் பழைய பிப்பெட் அக்கா வருவாங்க, இந்தத் தலைப்பைப் பார்த்துட்டு அவங்களால சும்மா இருக்க முடியாது.

அந்தக் கதை பெரும்பாலும் 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானிலிருந்து வருது. டேவிட் நீமன் குழு 2,311 ஓட்டக்காரர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினாங்க. ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் சளி, தொண்டைவலி மாதிரி ஏதோ வந்ததாகச் சொன்னாங்க. அதே அளவு பயிற்சி எடுத்திருந்தும் உடம்பு சரியில்லை என்பதல்லாத வேறு காரணத்தால் அன்று ஓடாதவர்களில் அது 2.2 சதவீதம்தான். 1990இல் இது வெளிவந்தது. பிறகு 'திறந்த ஜன்னல்' என்ற கருத்து வந்து சேர்ந்தது: கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரம் இரத்தத்தில் லிம்போசைட் (டி செல், பி செல், என்கே செல் அடங்கிய வெள்ளையணு வகை) குறையுது, அந்த இடைவெளியில் கிருமி உள்ளே வந்துவிடும் என்று. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் பாடப்புத்தகத்துக்குள்ளும் போயிடுச்சு.

சிக்கல் என்னன்னா, சளி என்று அவங்களே சொன்னதுதான் கணக்கு. யாரும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்கலை. பிறகு ட்ரையத்லான் வீரர்களிடம் அப்படிப் பரிசோதித்தபோது, சளி என்று வந்ததில் பெரும்பாலானவற்றில் கிருமி எதுவும் அகப்படலை. மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கினால் தொண்டை காய்ந்து எரியும், ஒவ்வாமையும் சேரலாம். அது தொற்று ஆகாது. உண்மையான தொற்று வந்தவர்களிலும், ஆயிரக்கணக்கானோர் முண்டியடிக்கும் கூட்டம், பயணம், முந்தின இரவு தூக்கமில்லாமை இதையெல்லாம் எப்படிக் கழிப்பது?

2018இல் பாத் பல்கலைக்கழகத்தின் கேம்பெலும் டர்னரும் இதைக் கட்டுக்கதை என்றே தலைப்பில் போட்டு எழுதினாங்க. 2020இல் இரண்டு கட்சியும் ஒரே கட்டுரையில் எதிரெதிராக வாதாடினாங்க, முடிவுக்கு வரலை. என் ஓட்டு டர்னர் பக்கம். எப்படியிருந்தாலும் 65 வயதுக்காரர் வேகமாக நடப்பதற்கும் இந்தச் சண்டைக்கும் தொடர்பே இல்லை. நேர்காணலில் இதைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிட்டு நகர்ந்துடுங்க.


பழைய பிப்பெட் எழுதியது:

வந்துட்டேன் தம்பி, நீ சொல்லலைன்னாலும் வந்திருப்பேன்.

தங்கச்சி, முதல்ல உங்க பேராசிரியர் சிரிப்புக்கு வர்றேன். பயிற்சி நல்லதான்னு இங்கே யாரும் கேட்கலை. எந்தச் செல், எந்த வழியா, எத்தனை நாளைக்குன்னுதான் கேள்வி. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பாதிப் பதில்தான் இருக்கு. அதனால போஸ்ட்டாக்குக்கு இடம் நிறையவே இருக்கு. ஆனா எந்த லேப்புக்குப் போனாலும் ஒரு விஷயம் தலையில ஏறியிருக்கணும், அதை ஏத்திக்காம எழுதின கட்டுரைகள்தான் இந்தத் துறையில பாதி.

ஒரு ஆளோட மொத்த லிம்போசைட்ல இரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கிறது ஏறக்குறைய 2 சதவீதம். மிச்சமெல்லாம் நிணநீர்க்கணு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல், நுரையீரல், தோல். மனிதர்ல நாம அளக்கறது அந்த 2 சதவீதத்தைத்தான். பயிற்சி ஆரம்பிச்ச சில நிமிஷத்துல அட்ரினலின் ஏறும். அது பீட்டா-2 ஏற்பியைத் தொட்டதும், இரத்தக்குழாய் சுவர்ல ஒட்டிக்கிட்டிருந்த என்கே செல்லும் எஃபெக்டர் சிடி8 டி செல்லும் (ரெண்டுமே தொற்று வந்த செல்லைக் கொல்றவை) விட்டுக் கிளம்பி ஓட்டத்துல சேரும். எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறும். பயிற்சியை நிறுத்தினதும் திசுக்களுக்குள்ள போகும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எண்ணிக்கை தொடங்கின இடத்துக்கும் கீழே வந்துடும். மெதுஓட்டம் சொன்ன 'ஜன்னல்' இதுதான். செல்லெல்லாம் செத்துப்போச்சுன்னு ஒரு காலத்துல எழுதினாங்க. 2008ல க்ரூகர் குழு எலியோட டி செல்லுக்கு ஒளிரும் சாயம் போட்டுத் தேடிப் பார்த்தப்போ, நுரையீரல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும் குடல்ல இருக்கிற பேயர் திட்டுகள்லயும் போய் உட்கார்ந்திருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல ஆள் இல்லைன்னா ஊரே காலியாயிடுச்சுன்னு சொல்வோமா?

இதனால லேப்ல என்ன ஆகும்னா, இரத்தம் எப்போ எடுத்தோம்கிறதே முடிவை மாத்திடும். கடைசிப் பயிற்சி முடிஞ்ச மறுநாள் காலையில எடுத்தா, மாதக்கணக்கான பயிற்சியோட பலனைப் பார்க்கறோமா, நேத்து சாயங்காலம் நடந்த நடையோட மிச்சத்தைப் பார்க்கறோமான்னு சொல்ல முடியாது. ரெண்டு நாளாவது இடைவெளி விடணும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல எடுக்கணும், காலைல ஒருத்தர் மதியம் ஒருத்தர்னு எடுத்தா லிம்போசைட் எண்ணிக்கை தானாவே வேறா இருக்கும். பயிற்சி முடிஞ்ச உடனே எடுக்கற மாதிரின்னா வியர்வையில பிளாஸ்மா குறைஞ்சு எல்லாமே கூடின மாதிரி தெரியும். அதுக்கு ஹீமோகுளோபினும் ஹீமாட்டோக்ரிட்டும் (இரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) வச்சுத் திருத்தற டில்-காஸ்டில் கணக்கு 1974லேயே இருக்கு, போடாதவங்க இன்னமும் இருக்காங்க. அப்புறம் ஃப்ளோக்காரங்களோட பரம்பரை வியாதி: சதவீதம் மட்டும் காட்டறது. நாய்வ் செல் (இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி செல்) சதவீதம் கூடிச்சுன்னா நாய்வ் செல் கூடியிருக்கலாம், இல்லை மெமரி செல் வெளியே போயிருக்கலாம். மைக்ரோலிட்டருக்கு எத்தனைன்னு ஒரு எண் இல்லாத படத்தை நான் பார்க்கறதே இல்லை.

இப்போ உங்க சைக்கிள்காரங்க. நல்ல ஆய்வு, நானும் மாணவர்களைப் படிக்க வைக்கிறேன். பர்மிங்காம்ல ஜேனட் லார்ட் குழுவும் கிங்ஸ் காலேஜ் லண்டனும் சேர்ந்து செஞ்சது. ஆனா ஆண்கள்னா 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ள, பெண்கள்னா 60 கிலோமீட்டரை அஞ்சரை மணி நேரத்துக்குள்ள மிதிக்க முடிஞ்சவங்களைத்தான் சேர்த்தாங்க. புகைப்பிடிக்கறவங்க, அதிகமாக் குடிக்கறவங்க, இரத்த அழுத்தம் உள்ளவங்க கிடையாது. எது காரணம் எது விளைவுன்னு நீங்க கேட்டது சரியான கேள்வி, ஒரே ஒரு தடவை அளக்கற ஆய்வு அதுக்குப் பதில் சொல்லாது. செஞ்சவங்களும் சொல்லுதுன்னு சொல்லலை, பத்திரிகைதான் சொல்லுச்சு.

அந்தக் கட்டுரையில பத்திரிகை எதுலயும் வராத ஒரு வரி இருக்கு, எனக்கு அதுதான் பிடிச்ச வரி. சிடி28ங்கிற மேற்பரப்பு அடையாளத்தை இழந்து சிடி57 ஏந்தின முதிர்ந்த சிடி8 செல்களோட அளவுல சைக்கிள்காரங்களுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. தைமஸ் பக்கம் நல்லா இருக்கு, செல்கள் விடற சமிக்ஞைப் புரதங்கள்ல தைமஸுக்கு உதவற ஐஎல்-7 அதிகம், அழற்சியோட சேர்ந்த ஐஎல்-6 குறைவு, ஒழுங்குபடுத்தற பி செல்லும் அதிகம். ஆனா முதிர்ந்த செல் அப்படியே நிக்குது. அதே சமயம் 2011ல ஸ்பீல்மன் குழு 18 முதல் 61 வயசு வரை 102 ஆண்களைப் பார்த்து, உடல் தகுதி கூடுதலா இருக்கிறவங்ககிட்ட முதிர்ந்த டி செல் குறைவுன்னு சொன்னாங்க. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? இந்த முரண்பாட்டுக்குள்ளதான் உங்க அடுத்த சில வருஷம் இருக்கு, பேராசிரியர் கேட்டா இதைச் சொல்லுங்க.

இந்த முதிர்ந்த செல் விவகாரத்துல சிஎம்வியை (சைட்டோமெகலோவைரஸ்) மறந்துட்டா எல்லாம் வீண். உலகத்துல பெரியவங்கள்ல பெரும்பாலோர் உடம்புல அந்த வைரஸ் சத்தமில்லாம குடியிருக்கு. சிடி28 இல்லாத செல் குவியறதுக்கு வயசைவிட அதுதான் பெரிய காரணம்னு சொல்ற அளவுக்கு அதோட கை நீளம். பயிற்சி பண்ணும்போது இரத்தத்துக்கு வர்ற டி செல் கூட்டம் சிஎம்வி உள்ளவங்ககிட்ட வேற மாதிரி இருக்கும். சிஎம்வி பார்க்காம சேர்த்த 40 பேரை ரெண்டா பிரிச்சா, ஒரு பக்கம் தற்செயலா அதிகம் விழுந்து பயிற்சி வேலை செஞ்ச மாதிரியோ செய்யாத மாதிரியோ படம் வந்துடும். முதல் லேப் இதைப் பரிசோதிக்குதான்னு கேளுங்க. இல்லைன்னா அங்கே போகாதீங்க, அவ்வளவுதான்.

எலிக்கு வர்றேன். எலியைக் குறைச்சுப் பேசமாட்டேன், வழிமுறைன்னு நமக்குக் கையில இருக்கிறது முக்கால்வாசி எலியிலிருந்துதான். 2016ல கோபன்ஹேகன்ல பெர்னில் ஹோய்மன் குழு, சக்கரத்துல ஓடின எலிகள்ல புற்றுக்கட்டி 60 சதவீதத்துக்கு மேல சின்னதா இருந்ததையும், அட்ரினலினும் ஐஎல்-6ம் சேர்ந்து என்கே செல்லைக் கட்டிக்குள்ள அனுப்பறதையும் காட்டினாங்க. 2019ல நேச்சர் மெடிசின்ல, ஓட்டம் கொழுப்புத் திசு விடற லெப்டின் ஹார்மோனைக் குறைச்சு, மஜ்ஜையில அழற்சி செல் உற்பத்தியை அடக்குதுன்னு வந்துச்சு. 2021ல நேச்சர்ல வந்த ஷான் மாரிசன் குழு கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எலும்பு மஜ்ஜையில சின்னத் தமனிகளை ஒட்டி ஆஸ்டியோலெக்டின் செல்கள் இருக்கு, எலி ஓடும்போது எலும்புக்கு வர்ற அதிர்வை பியெசோ1ங்கிற அழுத்தம் உணரும் புரதம் வழியா உணருது, லிம்போசைட்டுக்கு முன்னோடி செல்களைத் தாங்கிப் பிடிக்குது. வயசாக ஆக அந்த இடமே சுருங்குது. இதையெல்லாம் மனிதர்கிட்ட யார் மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்க்கறது?

ஆனா உங்க ஆசை தைமஸ்னு எழுதியிருக்கீங்க. அங்கேதான் எலி கைவிடும். 2012ல இம்யூனிட்டி இதழ்ல டென் பிராபர் குழு காட்டினது: எலியில நாய்வ் டி செல் இருப்பை வாழ்நாள் முழுக்கத் தாங்கறது தைமஸ். வயது வந்த மனிதர்ல தாங்கறது பெரும்பாலும் வெளியே இருக்கிற நாய்வ் செல்களே பிரிஞ்சு பெருகறது. அப்போ சக்கரம் ஓடின எலியில தைமஸ் உற்பத்தி கூடினாலும் அதை 70 வயசு மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. இன்னொண்ணு, சுத்தமான கூண்டுல வளர்ற எலியோட நோயெதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதரைவிடப் பச்சைக்குழந்தையோடதுக்குத்தான் நெருக்கம், செல்லப்பிராணிக் கடை எலியோட ஒப்பிட்டு 2016லேயே நேச்சர்ல காட்டிட்டாங்க. எந்தக் கிருமியையும் பார்க்காத மண்டலத்துல 'மூப்பு'ன்னா என்ன அர்த்தம்னு எனக்கு எப்பவும் ஒரு முணுமுணுப்பு உண்டு.

வேலை எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுக்கோங்க. எந்த எலி எவ்வளவு ஓடுச்சுன்னு தெரியணும்னா தனித்தனியா அடைக்கணும், தனியா அடைச்சா அதுவே மன அழுத்தம். சேர்த்து அடைச்சா யார் ஓடினான்னு தெரியாது, ஆண் எலின்னா கடிச்சுக்கும். லேப்ல வழக்கமா வளர்க்கற பிளாக் 6 இனத்து இளம் எலி ஒரு ராத்திரியில கிலோமீட்டர் கணக்குல ஓடும், கிழ எலி சக்கரத்துல ஏறி உட்கார்ந்து கொட்டாவி விடும். அதை ட்ரெட்மில்லுல ஏத்தி மின்சாரம் காட்டி ஓட வச்சா, நீங்க அளக்கறது பயிற்சியையா பயத்தையா? கட்டுப்பாட்டுக் குழுவுக்குச் சுத்தாத சக்கரம் வச்சாங்களான்னு கேளுங்க. வெறும் கூண்டோட ஒப்பிட்டா அது சரியான ஒப்பீடு கிடையாது.


நிணநீர் எழுதியது:

பிப்பெட் அக்கா, ரொம்ப நன்றி. எலிக்கும் மனிதருக்கும் தைமஸ் விஷயத்தில் இவ்வளவு வேறுபாடு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மெதுஓட்டம் அண்ணாவுக்கும் நன்றி.

மனித லேப்பின் பிஐயுடன் (தலைமை ஆய்வாளர்) இன்னொரு முறை பேசப்போகிறேன். முதல் தடவை ஒரு கேள்வியில் திணறினேன்: "வயதானால் ஐஎல்-6 கூடுவது கெடுதல் என்கிறோம், ஓடினாலும் ஐஎல்-6 கூடுகிறது, அப்படியானால் ஓட்டம் கெடுதலா?" என்றார். இதை எப்படிச் சொல்வது? இன்னொன்று, முந்தைய சோதனை ஒன்றின் உறைந்த பிபிஎம்சி (இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த லிம்போசைட், மோனோசைட் செல்கள்) குழாய்கள் ஃப்ரீசர் நிறைய இருக்கின்றன, வந்ததும் அதில் தொடங்கலாம் என்கிறார். அது நல்லதா, யாரோ விட்டுப்போன பாத்திரத்தை என்னைக் கழுவச் சொல்கிறாரா?


மெதுஓட்டம் எழுதியது:

ஐஎல்-6 எல்லாரையும் திணறடிக்கிற கேள்விதான். ஓடும்போது அதை விடுவது பெரும்பாலும் சுருங்கி விரியும் தசை. மாரத்தான் மாதிரி நீண்ட ஓட்டத்தில் 100 மடங்கு வரை ஏறும், சில மணி நேரத்தில் இறங்கிடும். கூடவே டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) அதே மாதிரி ஏறாது. பின்னாலேயே ஐஎல்-10, ஐஎல்-1 ஏற்பித் தடுப்பான் என்று அழற்சியை அடக்குபவை வரும். பென்டே பெடர்சன் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்துதான் 2003இல் தசை விடும் இந்த மாதிரிப் பொருட்களுக்கு 'மயோகைன்' என்று பேர் வைத்தாங்க. வயதானவர்களிடம் பார்ப்பது வேறு: ஓய்வில் இருக்கும்போதே கொஞ்சம் கூடுதல், நாள் முழுக்க, கொழுப்புத் திசுவும் மூத்த செல்களும் விடுவது, டிஎன்எஃப்பும் கூடவே. 2000இல் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 'இன்ஃபிளமேஜிங்' என்று சொன்னது இந்த நிலையை. மூலக்கூறு ஒன்றேதான், யார் விட்டது, எவ்வளவு நேரம், கூட யார் என்பதில் எல்லாம் மாறிடுது. இவ்வளவு சொன்னால் போதும், அந்த பிஐ அடுத்த கேள்விக்குப் போயிடுவார்.


முதியோர்வார்டு எழுதியது:

நான் ஆய்வாளர் இல்லை, முதியோர் மருத்துவம் பார்க்கும் டாக்டர். இந்தத் திரியைப் படித்துவிட்டு ஒன்று சொல்லாமல் போக மனமில்லை.

என்னிடம் வரும் 75 வயதுக்காரருக்குச் சிடி57 எவ்வளவு என்பது வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் நிமோனியா வந்து படுப்பேனா, ஊசி போட்டால் பிடிக்குமா, இரண்டுதான் கேள்வி. அந்த வகையில் நான் மதிக்கும் ஆய்வு 2009இல் வந்த இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. 60 முதல் 83 வயது வரை, பயிற்சி இல்லாத 144 பேர். ஒரு குழுவுக்கு 10 மாதம் இதயத்தை வேலை வாங்கும் பயிற்சி, மற்றதற்கு நீட்டி வளைத்து சமநிலை பழகும் பயிற்சி. ஃப்ளூ ஊசி போட்ட சில வாரங்களில் எதிர்ப்பொருள் உச்சம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 24 வாரம் கழித்துப் பார்த்தபோது, பாதுகாப்பு அளவு எதிர்ப்பொருளோடு இருந்தவர்கள் இதயப் பயிற்சிக் குழுவில் அதிகம். உச்சத்தை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் 'பலன் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் போகும் லேப் ஊசிக்குப் பிறகு எத்தனை மாதம் தொடர்கிறது என்று கேளுங்கள் அம்மா.

சின்ன ஆய்வுகளையும் ஒதுக்காதீர்கள். முடக்குவாதம் உள்ள, பயிற்சி இல்லாத 12 முதியவர்கள், 10 வாரம், இடைவெளி விட்டு வேகமாக நடக்கும் பயிற்சி. 2018இல் வந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கிருமி இருக்கும் பக்கம் நகரும் திறன் கூடியது, நோய்த் தீவிரம் குறைந்தது. கட்டுப்பாட்டுக் குழு இல்லை என்பது குறைதான். ஆனால் டி செல்லையே கட்டிக்கொண்டு அழுபவர்கள் நியூட்ரோஃபிலை மறக்கிறார்கள். நிமோனியாவில் முதலில் ஓடி வரவேண்டியது அதுதான்.

உங்கள் சோதனைக்கு வருபவர்களில் பலர் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுவார்கள். பிப்பெட் சொன்ன பீட்டா-2 ஏற்பியைச் சில மருந்துகள் அடைத்துவிடும். நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சித் தீவிரத்தைக் கணக்கிடுவதும் அவர்களிடம் தப்பாகும். ஆனால் இவர்களை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டால், நான் வார்டில் பார்க்கும் ஒருவர்கூட உங்கள் ஆய்வில் இருக்கமாட்டார். மருந்துப் பட்டியலை ஒவ்வொரு சந்திப்பிலும் எழுதி வாங்குங்கள். முதல் நாள் மட்டும் வாங்கிவிட்டு விடாதீர்கள்.


பழைய பிப்பெட் எழுதியது:

டாக்டர் சொன்ன நியூட்ரோஃபில் விஷயத்துக்கு என் சார்பா ஒரு பின்குறிப்பு. எலியோட இரத்தத்துல வெள்ளையணுக்கள்ல நியூட்ரோஃபில் கால்வாசிக்கும் குறைவுதான், மனிதர்ல பாதிக்கும் மேல. எலி லேப்ல அது கண்ணுல படாமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம். நியூட்ரோஃபில் உறைய வச்சா பிழைக்காது, எடுத்த சில மணி நேரத்துலயே வேலை முடிக்கணும். அதனாலேயே பாதி லேப் அதைத் தொடறதில்லை.

உறைஞ்ச குழாய்க்கு வர்றேன். பாத்திரம் கழுவறதுதான், ஆனா கழுவுங்க. புதுச் சோதனைக்கு அனுமதி, ஆள் சேர்ப்புன்னு முதல் வருஷம் ஓடிடும். அந்த நேரத்துல கையில ஒரு கட்டுரை தயாராகணும்னா பழைய மாதிரிகள்தான் வழி. எடுத்துக்கறதுக்கு முன்னாடி, ஒரே ஆளோட முன்-பின் குழாய் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. முன்னாடி எடுத்தது மட்டும் குவிஞ்சு கிடந்தா பாதியில போனவங்க நிறையன்னு அர்த்தம். உருக்கினா எத்தனை சதவீதம் உயிரோட வருதுன்னு நாலஞ்சு குழாயில சோதிச்சுட்டு ஒத்துக்கோங்க. ஒருத்தரோட எல்லாக் குழாயையும் ஒரே நாள்ல, ஒரே ஆன்டிபாடி கலவையில ஓட்டுங்க. 'முன்' எல்லாத்தையும் இந்த மாசம், 'பின்' எல்லாத்தையும் அடுத்த மாசம்னு ஓட்டினா வர்ற வித்தியாசம் மெஷினோடதா மனிதரோடதான்னு பிரம்மாவுக்கே தெரியாது.

எங்கே போகணும்னு நேரா கேட்டா, சிஎம்வி பார்க்கறாங்க, ஊசிக்கப்புறம் ஆறு மாசமாவது தொடர்றாங்க, இரத்தம் எடுக்கறதுக்கும் கடைசிப் பயிற்சிக்கும் இடைவெளி விடறாங்கன்னா மனித லேப். இந்த மூணுல ஒண்ணுக்கு 'அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்'னு பதில் வந்தா எலி லேப்புக்குப் போயி மஜ்ஜையைப் பிடிங்க, தைமஸை மறந்துடுங்க. உங்க கைக்கு எலி வரும்கிறது ஒரு காரணமே இல்லை. ஃப்ளோ தெரிஞ்ச கைக்கு மனித இரத்தம் சில வாரத்துல பழகிடும். பழகாதது மனிதர்கள்தான்: மழைன்னா வரமாட்டாங்க, பேத்திக்குக் கல்யாணம்னா ஒரு மாசம் காணாமப் போவாங்க, நீட்டி வளைக்கற குழுவுல இருக்கிறவங்க பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துட்டு யாருக்கும் சொல்லாம வேக நடை ஆரம்பிச்சுடுவாங்க. கையில படி எண்ணற கருவி கட்டி விடற லேப்பா பாருங்க, அது ரெண்டு குழுவுக்கும் இருக்கணும்.

அப்புறம், பிஐ கிட்டப் பேசறதோட நிறுத்தாதீங்க. இப்போ அங்கே ஆள் சேர்க்கற ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட அரை மணி நேரம் கேட்டு வாங்குங்க. போன சோதனையில எத்தனை பேர் சேர்ந்தாங்க, கடைசிக் குழாய் வரைக்கும் எத்தனை பேர் வந்தாங்கன்னு அவங்க மறைக்காம சொல்வாங்க.


நிணநீர் எழுதியது:

சிஎம்வி பார்க்கிறார்கள், பதில் வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு ஆறு வாரத்தோடு நிறுத்துவதாகத்தான் திட்டமாம். டாக்டர் சொன்ன 2009 ஆய்வைக் காட்டி, 24 வாரத்தில் இன்னொரு முறை இரத்தம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் கேட்கவேண்டும், யோசிக்கிறேன் என்றார். ஒருங்கிணைப்பாளரோடு வியாழக்கிழமை பேசுகிறேன்.